சப்ளையர் சாப்பாடு

மாடத்தி சாப்பாட்டை நிறுத்திய பதினோராம் நாள் மதியம், பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே போகும் சாலையில் கருவேலங்காட்டுக்கு நடுவே பச்சை பெயிண்ட் அடித்து நின்ற அருள்நிழல் முதியோர் இல்லத்தில், நாற்பத்தாறு வருஷம் ஜங்ஷன் ஓட்டல் ஒன்றில் சப்ளையராக இருந்து ஓய்ந்த கோமதிநாயகம் தன் கட்டிலை விட்டு எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, அதே கூடத்தில் பெண்கள் பக்கம் இருந்த அவள் கட்டிலருகே போய் நின்றார். இரக்கப்பட்டு எழுந்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குப் பொறுக்காதது அங்கே நடந்த பரிமாறல். பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு, சாயங்காலம் ஐந்தரைக்கே ராச்சாப்பாடு, ஏனென்றால் ஆறு மணிக்கு வேலையாட்கள் வீட்டுக்குப் போக வேண்டும்; நாற்பத்தோரு பேருக்கும் ஒரே பாத்திரம், அதில் அரிசியும் பருப்பும் காரட்டும் பூசணியும் வெந்து மிக்ஸியில் அரைபட்டு, சுண்ணாம்பு பிரஷ் கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒரு கூழ்; நாலு பேருக்கு ரத்த அழுத்தம் என்பதால் நாற்பத்தோரு பேருக்கும் உப்பு கிடையாது; பாதிப்பேரின் பல்செட் சலவைக்குப் போன துணியோடு போய்த் தொலைந்திருந்ததால் கடிக்கிற சாமான் எதுவுமே கிடையாது. தள்ளுவண்டி கட்டில் கட்டிலாக வரும். கரண்டி மேலேயிருந்து கவிழும். மூஞ்சியைப் பார்க்காமலே வண்டி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு ஊட்டிவிட வருகிற பெண், முதல் வாய் இறங்குவதற்குள் இரண்டாம் வாயைத் திணிப்பாள், அவளுக்கு ஆளுக்கு நாலு நிமிஷம்தான் கணக்கு. எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எழுத ஒரு தாள் இருந்தது. அதில் கால், அரை, முழுசு என்று மூன்று கட்டம். எல்லோருக்கும் முழுசில் டிக் அடித்துவிட்டு வண்டி போய்விடும்.

ஓட்டலில் ஒருத்தன் இப்படிப் பரிமாறியிருந்தால் இலையோடு தூக்கி அவன்மேல் எறிந்திருப்பார்கள். இங்கே எறிய ஆளில்லை. வாயைத் திற என்றால் திறந்தார்கள். பசி எல்லோருக்கும் செத்துத்தான் போயிருந்தது. ஆனால் ஒருத்தரும் வேண்டாமென்று சொல்லாமல், முக்கால்வாசியை மேல்துண்டில் துப்பிவிட்டு, சத்தமில்லாமல் மெலிந்துகொண்டிருந்தார்கள். பரிமாறினவர்களைக் கோமதிநாயகம் கேவலமாக நினைத்தார். அதைத் தின்றவர்களை அதைவிடக் கேவலமாக நினைத்தார். அக்கா மகன் கொண்டுவந்து விட்டுப் போன நாளிலிருந்து இரண்டு வருஷமாக அவர் அங்கே ஒருவரோடும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் என்பதால் மாடத்திமேல் மட்டும் கொஞ்சம் மரியாதை இருந்தது.

மாடத்தி முக்கூடல்காரி. ஐம்பது வருஷத்துக்குமேல் பீடி சுற்றியவள். எழுபத்தொன்பது வயது, முப்பத்தொரு கிலோ. பதினொரு நாளாக அரை டம்ளர் கஞ்சித்தண்ணிக்கு மேல் இறங்கவில்லை. டாக்டர் வந்து பசியெடுக்கச் சிவப்பாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்; அதைக் குடித்ததில் நாக்கு மட்டும் சிவந்தது. மேலாளர் பூபாலன் வந்து, சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று மிக அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், வண்டி வந்தது, கூழ்த்தட்டை அவள் முதுகுக்குப் பின்னால் மெத்தையில் வைத்துவிட்டுப் போனது. முதுகுக்குப் பின்னால்! நாய்க்குச் சோறு வைக்கிறவன்கூட அதன் முகத்துக்கு நேரேதான் வைப்பான். அதைப் பார்த்துத்தான் கோமதிநாயகம் எழுந்தார்.

தட்டை எடுத்துத் தரையில் வைத்தார். மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து நின்றார்.

"என்ன சாப்பிடுதிய?"

அங்கே வந்து சேர்ந்த நாலு வருஷத்தில் மாடத்தியிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார்கள், ஏன் சாப்பிடவில்லை என்று அதட்டியிருக்கிறார்கள், சாப்பிட்டால்தானே மகன் வருவான் என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். என்ன சாப்பிடுதிய என்று ஒருத்தரும் கேட்டதில்லை.  அவள் சுவரிடம் கேட்பதுபோல், "என்ன இருக்கு?" என்றாள்.

கோமதிநாயகத்தின் வாய் அதுவாகத் திறந்தது. "இட்லி சாம்பார் இட்லி பொடி இட்லி வெண்பொங்கல் பூரி கிழங்கு கல்தோச நெய்ரோஸ்ட்டு மசால்ரோஸ்ட்டு ரவா ஆனியன்ரவா ஊத்தப்பம் அடை அவியல் ஆப்பம் தேங்காப்பாலு இடியாப்பம் சேவ உளுந்தவட ஆமவட ரசவட தயிர்வட கேசரி காப்பி சுக்குக்காப்பி" என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் வந்தது.

"ரெண்டு இட்லி," என்றாள் மாடத்தி. "பொடியும் நல்லெண்ணெயும்."

அவர் சமையலறைப் பக்கம் அரைவாசி திரும்பி, கழுத்து நரம்பு புடைக்க, "ரெண்டிட்லேய்ய்... பொடி எண்ணே!" என்று குரல் கொடுத்தார்.

கை நனைந்தபடி சமையற்காரி ஜெபகனி வெளியே ஓடிவந்தாள், யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து. அவள் வந்து பார்த்தபோது மாடத்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றுமில்லை, கையில் ஒன்றுமில்லை. ஆனால் விரல்கள் எதையோ பிட்டு, எதிலோ தோய்த்து, வாய்க்குக் கொண்டுபோயின. பல்லில்லாத ஈறு மென்றது. தொண்டை ஏறி இறங்கியது. வாயோரம் நல்லெண்ணெய் ஒரு சொட்டு வழிந்து மோவாய்க்கு வந்தது. கொஞ்சம் காரம் போலிருக்கிறது, கண்ணில் நீர் நின்றது. இரண்டாம் இட்லி முடிந்ததும் ஏப்பம் விட்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "சட்டினியும் கேட்டிருக்கலாம்."

திங்கட்கிழமை எடைமெஷினில் ஏற்றியபோது முள் முப்பத்திமூன்றரையில் நின்றது. எடை பார்த்த பெண் அதை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அதற்குப்பிறகு நாற்பது பேரும் அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். காலையும் மதியமும் பொழுதுசாயவும் கோமதிநாயகம் தோள்துண்டோடு கட்டில் கட்டிலாகப் போனார், ஒவ்வொரு கட்டிலிலும் நின்றார், முகத்தைப் பார்த்துக் கேட்டார், பட்டியலைச் சொன்னார், அவர்கள் யோசித்து ஒன்றைச் சொல்லும்வரை அசையாமல் நின்றார், பிறகு திரும்பிக் குரல் கொடுத்தார். யோசிக்க அரைமணி எடுத்தவர்களுக்கு அரைமணி நின்றார். கன்னம் ஒட்டிக் கிடந்தவர்களுக்குக் கன்னம் வந்தது. முன்னாள் போஸ்ட்மாஸ்டர் கைலாசம் மூன்றுவேளையும் கோதுமை அல்வா கேட்டார், அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறி மாத்திரையைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஒருத்தருக்கு ரவாதோசையில் முந்திரி தட்டுப்படவில்லை என்று மனத்தாங்கல். இதிலெல்லாம் கோமதிநாயகத்துக்கு ஒரு திருப்தி இருந்தது என்றாலும், அவர்கள்மேல் இருந்த இளக்காரம் போய்விடவில்லை. கேட்டால்தான் வாய் திறக்கும் கூட்டம், என்று நினைத்துக்கொண்டே பரிமாறினார்.

இனி, இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். அதிசயப்பட்டவர்கள் யாருமில்லை. கருவேலங்காட்டுக்கு அந்தப்பக்கம் கல் உடைக்கிறவர்கள் மதியத்தில் மதில் ஓரமாக வந்து குந்தி, ஜன்னல் வழியாகக் கேட்கிற பட்டியலில் வயிறு நிறைந்து, மதிலிலேயே கையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். கனடாவிலிருந்து ஒரு மகள், தன் அப்பா காதில் வெங்காயம் பூண்டு விழாமல் பார்த்துக்கொள்ளும்படி செய்தி அனுப்பினாள்; நாலு வருஷமாக அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்காத மகள். மாதம் ஒருமுறை வரும் டயட்டீஷியன் பெண் கோமதிநாயகத்தை உட்காரவைத்து, நெய்ரோஸ்ட் என்று சொல்வதைத் தவிர்க்கவும், இட்லி என்பதை உப்பில்லா இட்லி என்று சொல்லவும், ராகியையும் ஓட்ஸையும் சேர்க்கவும் அறிவுரை சொல்லி, திருத்திய பட்டியலை லேமினேட் செய்து கொடுத்தாள். அவர் ஒருநாள் அதைப் பார்த்துப் படித்தார். நாற்பது பேரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள், ஒரு வாய்கூட இறங்கவில்லை. அட்டையைக் கொண்டுபோய்ச் சன்னலில் கொசு வராமல் செருகினார். அவர் குரலைச் செல்போனில் பதிவுசெய்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வாயுத்தொல்லை வந்ததுதான் மிச்சம்.

மேலாளர் பூபாலன்தான் இதை எல்லோரையும்விடச் சீக்கிரம் புரிந்துகொண்டவர். இது எப்படி நடக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்ல முடியும் என்று கேட்டார். மூன்று தடவை என்று தெரிந்ததும் சமையலறையைப் பூட்டினார். கேஸ் சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பினார். ஜெபகனிக்கு ஒரு சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வாசலில், 'சொல்லமுதுத் திட்டம், தமிழகத்திலேயே முதன்முறையாக' என்று போர்டு ஏறியது. வெளிச்சாப்பாடு உள்ளே வந்தால் திட்டத்தின் தூய்மை கெடும் என்று அதற்கும் தடை போட்டார்.

இதில் ஒரே ஒரு ஆளைப் பற்றி எல்லோரும் மறந்துபோனார்கள். பட்டியல் கேட்டவர்களுக்குத்தான் நிறைந்தது, சொன்னவருக்கு நிறையவில்லை. கூழாக இருந்தாலும் கோமதிநாயகம் இதுவரை அதைத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியிருந்தார். இப்போது அதுவும் இல்லை. முதல் மூன்றுநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனார். அங்கே பூபாலனும் மற்றவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன்பாக்ஸைத் திறந்திருந்தார்கள். கத்திரிக்காய் வாசம் வந்தது.

"எனக்குச் சாப்பாடு?" என்றார் கோமதிநாயகம்.

பூபாலன் வாயில் இருந்ததை மென்று முடித்துச் சிரித்தார். "என்னய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? ஊருக்கே சொல்றீங்க, உங்களுக்கு நீங்களே சொல்லிக்க மாட்டீங்களா?"

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அதையும் செய்து பார்த்தார். "ரெண்டிட்லி" என்று தன் முகத்துக்குத் தானே சொன்னார். பற்பசை வாசம்தான் வந்தது. நாற்பத்தாறு வருஷம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன பட்டியல், அது அவர் காதுக்குச் சத்தம் மட்டும்தான். ஓட்டலிலும் அப்படித்தான், ஊரெல்லாம் தின்று எழுந்தபிறகு மூன்றரை மணிக்குப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே மிச்சத்தைத் தின்ற ஆள் அவர். திரும்பவும் போய்க் கேட்டிருக்கலாம். நாற்பது பேரில் ஒருவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரைக் கேவலமாக நினைத்தாரோ அவர்களிடம் போய்ப் பசிக்கிறது என்று சொல்வதைவிட, பின்பக்கத்துக் கொய்யா மரத்தில் வெம்பி விழுந்ததைப் பொறுக்கித் தின்பது அவருக்கு லேசாக இருந்தது. திங்கட்கிழமை தோறும் எடை பார்த்தார்கள். சப்ளையருக்கு எடை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவர் பெண்கள் பக்கம் பொங்கல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையலறை பூட்டின இருபதாம் நாள் மாடத்திதான் பார்த்தாள். பீடி சுற்றினவள், அவள் கண் முதலில் போவது விரலுக்குத்தான். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தாள். பிறகு ஆணியில் மாட்டினதுபோல் தோளெலும்பில் தொங்கிய துண்டைப் பார்த்தாள்.

"ஏய்யா சப்ளையரு, நீ சாப்பிட்டியா?"

 ஓட்டலில் உட்கார்ந்த ஆயிரமாயிரம் பேரில் ஒருத்தர்கூட அவரை அப்படிக் கேட்டதில்லை.

"அத விடுங்க அக்கா. என்ன சாப்பிடுதிய?"

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லு. எத்தன நாளாச்சு?"

"இருவது இருக்கும்."

"இருவது நாளா? எங்க வயித்துலயெல்லாம் கொட்டிட்டு நீ காயுதியாக்கும்?" மாடத்தி எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லியா ஒனக்கு? எனக்குத் தெரியும்யா. எங்களயெல்லாம் பாக்கும்போது ஒரு பார்வ பாப்பேல்லா, சாணிய மிதிச்சவன் மாதிரி. அந்தத் திமிருதான் ஒன்னக் கொல்லுது."

அவர் தோள்துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். 

"இங்கன ஒக்காரு. நான் ஒனக்குச் சொல்லுதேன்." கண்ணை மூடிக்கொண்டு அவள் சொன்னாள். "சாளக்கருவாட்டுக் கொழம்பு. மாங்கா போட்டது. மண்சட்டியில. சுடுசோறு." கண்ணைத் திறந்து பார்த்தாள். கோமதிநாயகத்தின் முகம் கோணியிருந்தது, பிறந்ததிலிருந்து சைவம்.

"நாறுதோ?"

"நாறல அக்கா. நாறினாக்கூட ஏதோ வந்துச்சுன்னு இருக்கும். ஒண்ணுமே தெரியல."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவருக்குத் தலை சுற்றி, அவள் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்பிளை ஒருத்தர் பெண்கள் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்த ஊழியர் பெண் பூபாலனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். பூபாலன் வந்து விதிமுறையைப் படித்துக் காட்டினார். ஏன் சாய்ந்தார் என்று அவரும் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து ஆண்டு விழா. சாமியானா போட்டு, மைக் வைத்து, நாலு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டி, முன்வரிசையில் சோபா போட்டிருந்தார்கள். இல்லத்துக்கு நன்கொடை கொடுக்கிற, கட்டுமானத் தொழில் செய்கிற பெரிய முதலாளி ஒருவர் சிறப்பு விருந்தினர். உறவினர்கள் அறுபது எழுபது பேர் புதுத்துணியில் வந்து, அப்பா அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். விருந்தினர்களுக்கு மட்டும் பிரியாணியும் ஐஸ்கிரீமும் வெளியிலிருந்து வந்து பின்னறையில் மூடிவைக்கப்பட்டிருந்தது. அதற்குத் தடை பொருந்தாது போலிருக்கிறது. முதியவர்கள் நாற்பது பேரையும் சக்கர நாற்காலியிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் மேடைக்குப் பக்கவாட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, சிறப்பு விருந்தினர் தன் தாய் பட்டினி கிடந்து தன்னை வளர்த்த கதையை முக்கால்மணி நேரம் பேசி முடித்து, பூபாலன் மைக்கைப் பிடித்து, "இப்போது சொல்லமுது" என்றார்.

கோமதிநாயகத்தை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். காலில் நிற்க முடிந்தது ஆச்சரியம்தான். மைக் அவருக்காகச் சாய்க்கப்பட்டது. முதல் நாற்காலியில் மாடத்தி இருந்தாள்.

"என்ன சாப்பிடுதிய?" என்று கேட்டார். குரல் கருவேலங்காடு வரை போயிற்று.

மாடத்தி பட்டியலைக் கேட்கவில்லை. "ஏய்யா சப்ளையரு," என்றாள் சத்தமாக, "நீ என்ன சாப்பிட்டியோ அதையே எனக்குக் கொண்டா."

அவர் விழித்தார். "அக்கா, அது லிஸ்ட்டுல இல்ல."

"இருக்கு. இருவத்திமூணு நாளா நீ அதத்தான திங்க. அதயே கொண்டா."

"அம்மா, இட்லி கேளுங்க, இட்லி," என்று பூபாலன் பல்லைக் காட்டிக்கொண்டே குனிந்து கிசுகிசுத்தார். மைக்கில் அதுவும் கேட்டது.

"நான் அவருட்ட சொல்லிட்டேன்," என்றாள் மாடத்தி. "ஒம்மட்ட கேக்கல."

பக்கத்தில் கைலாசம் தொண்டையைச் செருமினார். அவர் நாக்கில் அல்வா ஊறியது முகத்திலேயே தெரிந்தது. ஆனால், "எனக்கும் அதே," என்றார். அவருக்கு அடுத்தவர் அதே என்றார், அடுத்தவள் அதே என்றாள், காது கேட்காத ஒருத்தர் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதே என்றார், பேச்சு வராமல் போன ஒருத்தி விரலை உயர்த்தி முன்னால் இருந்தவளைச் சுட்டிக்காட்டினாள். இப்படி நாற்பது பேரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கோமதிநாயகம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர்களையா, இந்தக் கூட்டத்தையா இவ்வளவு நாள் இளக்காரமாக நினைத்தோம், என்று அவருக்குள் என்னவோ உடைந்தது. ஆர்டரைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. பூட்டிக் கிடந்த சமையலறைப் பக்கம் அரைவாசி திரும்பி, மிச்சமிருந்த உயிரையெல்லாம் நெஞ்சில் இழுத்துக் குரல் கொடுத்தார்.

"நாப்பது... சப்ளையர் சாப்பாடேய்ய்!"

ஸ்பீக்கர் நாலும் அதை எடுத்துப் பரப்பின.  சாமியானாவுக்குள் முதலில் ஒரு வயிறு இரைந்தது. அதைத் தொடர்ந்து நூறு வயிறு இரைந்தது. கேட்டவர்கள் அத்தனைபேர் குடலிலும் இருபத்திமூன்று நாள் பசி ஒரே மடக்கில் இறங்கியது. சிறப்பு விருந்தினர் மரியாதைக்குக் கொடுத்த எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கடித்தார். டயட்டீஷியன் பெண் எனக்குச் சோறு வேணும், எனக்குச் சோறு வேணும் என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். பூபாலன் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்திருந்த வாழைப்பழத்தை ஊதுவத்தி செருகியபடியே விழுங்கினார். பின்னறையில் பிரியாணி இருக்கிறது என்று யாரோ கத்தினார்கள், அவ்வளவுதான். சற்று முன்னால் அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிய கைகள் அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடின. பட்டுப்புடவைகள் அண்டாவுக்குள் கைவிட்டன. தாயின் பட்டினியை முக்கால்மணி நேரம் பேசியவர் கரண்டிக்காக ஒரு கிழவனின் பேரனோடு அடித்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் சோறு, எலும்பு, ஐஸ்கிரீம் எல்லாம் தீர்ந்தது. முதியவர்களுக்கு என்று ஒரு பருக்கையை எடுத்துவைக்க அங்கே ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

நாற்பது பேரும் நாற்காலியில் இருந்தார்கள். அவர்களுக்கும் பசித்தது, வருஷக்கணக்கில் மறந்துபோயிருந்த பசி. ஆனால் ஓட முடியாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபகனியின் வீடு கருவேலங்காட்டைத் தாண்டினதும் இரண்டாம் தெருவில். அவள் அப்போது தன் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சோறு வடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலும் அதற்குப் பின்னால் அந்தப் பசியும் சன்னல் வழியாக வந்து அவள் வயிற்றைப் பிடித்தபோது, தெருவில் மற்றவர்களெல்லாம் தட்டை எடுத்து உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் உட்காரவில்லை. அது யாருடைய பசி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பானையைத் தலைச்சும்மாட்டில் ஏற்றி, புளிக்குழம்புச் சட்டியை இடுப்பில் வைத்து, வடித்த கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்து, உப்பு டப்பாவை மறக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். வழியில் பசி தாங்காமல் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள், பானையில் கைவைக்கவில்லை.

கோமதிநாயகம் மைக் கம்பியோடு கீழே விழுந்து கிடந்தார். ஜெபகனி அவரைத் தன் மடியில் சாய்த்து, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு கரண்டி வாயில் விட்டாள்.

"சோறு," என்றார் அவர்.

"சோறு நாளைக்கு. காஞ்ச வயித்துல சோத்தப் போட்டா ஆளு போயிருவிய. இன்னிக்கு இதுதான், மெதுவா." ஒரு கரண்டி விட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தபிறகு அடுத்த கரண்டியை எடுத்தாள். சுற்றிலும் ஆட்கள் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு டம்ளர் முடிய முக்கால்மணி நேரமாயிற்று. பானைச்சோற்றை நாற்பது பேருக்குக் குழைத்து, ஆளுக்கு மூன்று வாய் வந்தது. மாடத்தி தன் மூன்று வாயைத் தின்று, விரலை ஒவ்வொன்றாக நக்கினாள்.

பிற்பாடு எல்லோரும் அதற்கு ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். வெயில் என்றார்கள், பிரியாணியில் கோளாறு என்றார்கள். பூபாலன் தன் அறிக்கையில் ஒலிபெருக்கிப் பழுது என்று எழுதினார். ஆனால் சிறப்பு விருந்தினருக்கு இரண்டு மாதம் எவ்வளவு தின்றும் பசி அடங்கவில்லை, அது பிடித்த பயத்தில் மறுநாளே அவர் ஆளனுப்பிச் சமையலறைப் பூட்டை உடைக்கச் சொன்னார். சிலிண்டர் வந்தது. ஜெபகனி வந்தாள், அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பூபாலன் 'வீட்டுச்சுவைத் திட்டம்' என்று புது போர்டு அடித்து, அதன் அடியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அவரைப் போன்றவர்கள் எந்த வெள்ளத்திலும் மிதக்கிற சக்கை.

கோமதிநாயகத்தின் பட்டியலுக்கு அதற்குப்பிறகு யாருக்கும் வயிறு நிறையவில்லை. வாய் ஊறியது, அதோடு சரி. அதுபோதும் என்று ஜெபகனி சொல்லிவிட்டாள். காலையில் அவர் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டு வந்து சொல்வார், இருக்கிறதை அவள் செய்வாள், இல்லாததை நாளைக்கு என்பாள். ராச்சாப்பாடு ஏழரைக்குப் போயிற்று. பல்செட் செய்ய ஆள் வந்து அளவெடுத்தான். உப்பு வேண்டியவர்களுக்கு உப்பு வந்தது. கோமதிநாயகமும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், சாம்பாரில் பருப்பு போதாது, ரசம் நேற்றையது, இதை ஜங்ஷனில் வைத்தால் நாய் திரும்பிப் பார்க்காது என்று ஒவ்வொரு வேளையும் சொன்னார். "சொல்லிக்கிட்டே ரெண்டாந்தடவ வாங்குதியளே அண்ணாச்சி," என்பாள் ஜெபகனி.

மாடத்தி அதற்குப்பின் ஒன்றரை வருஷம் இருந்தாள். ஆவணி மாதம் ஒரு காலையில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கேட்டு, சாப்பிட்டு, கைகழுவி வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மகன் பம்பாயிலிருந்து மறுநாள்தான் வரமுடியும் என்றான். அதுவரை ஆஸ்பத்திரியில் வைக்கப் பதினொரு மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. அந்த வண்டிக்காரர்களுக்கு அந்த இல்லம் பழக்கமான இடம். எப்போதும் ஒருத்தன் மட்டும் உள்ளே வருவான், போர்வையோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தனியாகவே போய்விடுவான், மற்றவன் வண்டியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பான். அன்றும் ஒருத்தன்தான் வந்தான். குனிந்து தூக்கினான். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கட்டிலிலேயே வைத்துவிட்டான். வாசலுக்குப் போய் மற்றவனைக் கூப்பிட்டான், அவன் ஸ்ட்ரெச்சரோடு சலித்துக்கொண்டே வந்தான். இரண்டுபேரும் வராந்தாவரை கொண்டுபோய், மூச்சுவாங்க இறக்கிவைத்து, "என்னப்பா இது, இந்தக் கனம் கனக்கு," என்றார்கள்.

கோமதிநாயகம் தூணோரம் நின்றிருந்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார்.

"நாப்பத்தொம்பது கிலோடே," என்றார். "ரெண்டு கையையும் குடுத்து ஒழுங்காத் தூக்குங்க."